விசாலாட்சி வரைந்த முதுகுகள்

விசாலாட்சி உட்கார்ந்தால் கால் நிற்காது, நின்றால் கை நிற்காது. உலை கொதிக்கும்போதே ஜன்னலுக்கு ஓடிப்போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவாள். அரிசியைக் களைந்து போட்டுவிட்டு மறுபடி ஓடுவாள். சோறு குழையாத நாள் அந்த வீட்டில் குறைவு. கொடைக்கானலில் லாரிகள் வந்து நிற்கிற மேட்டுச் சாலைக்குக் கொஞ்சம் கீழே இருந்தது அந்த ஓட்டு வீடு. ஜன்னலை ஒட்டி ஒரு செங்குத்தான பாதை ஏறும். கீழே இருக்கிற ஊர்களிலிருந்து உருளைக்கிழங்கும் பூண்டும் பேரிக்காயும் ஆட்களின் முதுகில் ஏறி, அந்தப் பாதை வழியாகத்தான் லாரிக்குப் போகும். ஜன்னலைத் தாண்டிவிட்டால் போகிறவர்களின் முதுகுதான் தெரியும். விசாலாட்சிக்கு வேண்டியதும் அதுதான்.

"வீட்டுல பொண்டாட்டி இருக்காளா, இல்ல நான் பூனை வளக்குறேனா?" என்று கேட்பார் அவள் புருஷன் குருநாதன். அவர் ஒரு பள்ளிக்கூட விடுதியில் குமாஸ்தா. கேட்டதற்குப் பதில் வராது. அவள் காதில் விழுந்திருந்தால்தானே!

கையில் பென்சில் இருக்கிறபோது அவளுக்குக் காது வேலை செய்யாது. அது பிறவிக் கோளாறு என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறாள். பழனி அடிவாரத்தில், கோயிலுக்குப் பூக்கட்டுகிற பண்டாரம் வீட்டில் பிறந்தவள் விசாலாட்சி. வாசலில் கோலம் போடச் சொன்னால், புள்ளிகளுக்கு நடுவே காவடி தூக்குகிற ஆளைப் போட்டு வைப்பாள். "வாசல்ல மனுசனை வரைஞ்சா போறவன் வாறவன் மிதிப்பான்டி" என்று அம்மா ஈரத்துணியால் துடைத்துவிட்டு முதுகில் ஒன்று வைப்பாள். அடி வாங்கினது நினைவிருக்காது, துடைத்த படம் மட்டும் நினைவிருக்கும். அப்படி ஒரு பெண்.

கல்யாணமாகி மலைக்கு வந்தது ஐம்பத்து மூன்றில். பஸ்ஸில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தவள், மறுநாளே ஜன்னலைக் கண்டுபிடித்துவிட்டாள். குருநாதன் ஆபீஸில் ஒரு பக்கம் எழுதிக் கழித்த தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தார். பென்சிலும் கொடுத்தார். பெண்டாட்டி படம் போடுகிறாள் என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் நிற்கிறவர்கள், டீக்கடைப் பெஞ்சில் குந்தியிருக்கிறவர்கள், பஸ் மேலே ஏறி மூட்டை கட்டுகிறவர்கள் என்று அவள் கண்ணில் பட்டவரையெல்லாம் வரைந்தாள். அப்போதெல்லாம் நேருக்கு நேரே பார்த்துத்தான் வரைந்தாள்.

வம்பு டீக்கடையிலிருந்து வந்தது. ஒருநாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வருகிற குருநாதனை டீக்கடைக்காரர் நிறுத்தி, வெகு மரியாதையாகவே கேட்டார்: "சார், உங்க ஒய்ஃப் ஜன்னல்ல நின்னு நம்ம ஆளுகளையே பாத்துக்கிட்டிருக்காங்களே, ஏதும் சாமான் வேணுமா? பையனை அனுப்பட்டுமா?" பெஞ்சில் இருந்தவர்கள் டீ கிளாசுக்குள் சிரித்தார்கள். குருநாதன் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார்.

அவர் கெட்டவர் இல்லை. தாளைக் கிழித்துப் போடுகிற ரகமும் இல்லை. பாவம், பயந்தவர். நாலு பேர் வாயில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகவே வாழ்கிற மனுஷர்கள் உண்டல்லவா, அந்த ஜாதி. இரவு சாப்பாடு முடிந்து கை கழுவும்போது சொன்னார்.

"வரைய வேண்டாம்னு சொல்லலை விசாலம். வரை. ஆனா ஆம்பளை மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிக்காதே. போறவன் முதுகைப் போட்டா எவன் கேக்கப் போறான்?"

ஒரு குமாஸ்தா மட்டுமே எழுதக்கூடிய தீர்ப்பு. யாருக்கும் நஷ்டமில்லை, யாருக்கும் லாபமுமில்லை. விசாலாட்சி தலையாட்டினாள். பென்சிலைப் பிடுங்கிவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தவளுக்கு, முதுகாவது மிஞ்சியதே என்றுதான் இருந்தது. அன்றிலிருந்து ஒன்பது, பத்து வருஷமாக அவள் ஆண்பிள்ளை முகம் எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆள் ஜன்னலை நெருங்கும்போது கண்ணைத் தாளில் வைத்துக்கொள்வாள். தாண்டிப் போனதும் நிமிர்வாள்.

முதுகுதானே என்று நாம் நினைக்கிறோம். அவள் அதை ஒரு வித்தையாகவே ஆக்கிவிட்டாள். ஆரம்பத்தில் வரைந்த ஆட்கள் எல்லாம் கவிழ்ந்து விழுகிற மாதிரி இருந்தார்கள். ஏனென்றே தெரியாமல் எத்தனையோ தாளை அடுப்பில் போட்டிருக்கிறாள். பிறகு ஒருநாள் பிடிபட்டது. அவள் இரண்டு காலையும் சம தரையில் வைத்து வரைந்துகொண்டிருந்தாள். மலையில் சம தரைக்கு எங்கே போவது? ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே, பாரம் முழுவதும் ஏதோ ஒரு குதிகாலில். அதனால் தலையை முதலில் போடுவதை விட்டாள். குதிகாலில் ஆரம்பித்தாள். எந்தக் காலில் பாரம் இறங்குகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி ஆள் வந்துவிட்டான் என்பது அவள் கணக்கு. அந்தக் குதிகாலிலிருந்து பிடரி வரைக்கும் மெல்லிசாக ஒரே இழுப்பு. கோடு எங்கே வளைகிறதோ அங்கேதான் மூட்டை உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் தோள். இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருக்கிற ஆளை அந்தப் பாதையில் அவள் பார்த்ததே இல்லை. கையை வரைவதற்கு முன்னால், கைக்கும் இடுப்புக்கும் நடுவே தெரிகிற வெளிச்சத்தை வரைவாள். அந்த வெளிச்சம் சரியாக வந்துவிட்டால் கை தானாக வந்து நிற்கும். கடைசியில் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்து, முதுகுத்தண்டின் பள்ளத்தில் நிழல் ஏற்றுவாள். தப்பினால் அழிக்க, ரொட்டியின் நடுப்பகுதியைப் பிசைந்து உருட்டி வைத்திருப்பாள். குருநாதனுக்கு ரொட்டியின் ஓரம் மட்டும்தான் தின்னக் கிடைக்கும்.

வரைந்தது திருப்தியாக வந்த நாளிலும் அவளுக்கு நிம்மதி கிடையாது. ஏதோ ஒன்றை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவந்த மாதிரி ஒரு அரிப்பு. எது என்று தெரியாது. அடுத்த ஆள் வந்தால் தெரியும் என்று மறுபடி ஜன்னலுக்குப் போவாள்.

அவள் தாள்களில் ஒரு முதுகு மட்டும் அடிக்கடி வரும். மற்றவர்கள் மூச்சு வாங்கினால் மூட்டையைத் திட்டில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அந்த ஆள் உட்காரமாட்டான். நின்றபடியே இடது கையைப் பின்னால் கொண்டுபோய், உள்ளங்கை வெளியே தெரிய இடுப்பில் ஊன்றி, வலது முழங்காலை லேசாக மடக்கி, மேலே ஏற வேண்டிய தூரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். மழை என்றால் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டிருப்பான். அந்த நிலையை அவள் எத்தனை தடவை வரைந்திருப்பாளோ, சலிக்கவே இல்லை. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு அவன் வருவது நின்றுபோயிற்று. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருப்பான் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் புரட்டாசியில் வீட்டுக் கூரை ஒழுகியது. சாமான் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்த படங்கள் நனைந்துவிடுமே என்று பதறிப்போய், எல்லாவற்றையும் உரித்துக் கொண்டுவந்து அடுப்படித் தரையில் பரப்பி வைத்தாள் விசாலாட்சி. அன்று ஞாயிற்றுக்கிழமை, சந்தை நாள். பள்ளங்கியிலிருந்து காய் கொண்டுவருகிற பொன்னுத்தாய், மழைக்கு ஒதுங்கிக் கொல்லைப்பக்கமாக வந்தாள். சந்தைக்குப் போகிற வழியில் சில மாதங்களாக இந்த வீட்டில் பீன்ஸும் பூண்டும் கொடுத்துவிட்டுப் போகிறவள். விசாலாட்சி வயதுதான் இருக்கும். கழுத்தில் தாலி இல்லை. அதற்கு மேல் ஒருத்தருக்கொருத்தர் விசாரித்துக்கொண்டதில்லை.

"கூடையை இறக்கு பொன்னுத்தாய். பாத்து, படத்தை மிதிச்சிராதே."

பொன்னுத்தாய் கூடையை இறக்கவில்லை. தலையில் கூடையோடு குனிய முடியாமல் கண்ணை மட்டும் கீழே போட்டு நின்றாள். பிறகு எப்படி இறக்கினாளோ, கூடை சரிந்து பீன்ஸ் தரையெல்லாம் கொட்டியது. அவள் அதைப் பொறுக்கவும் இல்லை. தவழ்ந்து போகிற மாதிரி போய், இடுப்பில் கை ஊன்றி நிற்கிற அந்த முதுகின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"இது எங்க வீட்டுக்காரரும்மா" என்றாள்.

"யாரு?"

"அவருதான். செல்லப்பாண்டி. இந்தக் கை... இப்படித்தான் கைய முட்டுக் குடுத்து நிப்பாரு. போன ஐப்பசியில மண்ணு சரிஞ்சுச்சே, அதுல போயிட்டாரும்மா. கெழங்கு மூட்டையோட கெடந்தாரு."

வருஷக்கணக்காக வரைந்த முதுகுக்கு இன்றுதான் பெயர் கிடைத்தது, கிடைத்தபோதே ஆள் இல்லை. விசாலாட்சியும் கீழே உட்கார்ந்தாள். பொன்னுத்தாய் அந்தத் தாளைத் தொடாமல், மேலே காற்றில் விரலை வைத்துத் தோளிலிருந்து குதிகால்வரை தடவினாள். பிறகு வெகு சாதாரணமாக, தண்ணீர் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கம்மா. மூஞ்சியப் பாக்கணும்."

விசாலாட்சிக்குச் சுரீரென்றது. பொன்னுத்தாய் விவரம் தெரியாமல் கேட்கவில்லை. இந்த அளவுக்கு ஒரு ஆளைப் பார்த்து வரைந்தவள் முகத்தையும் பார்த்துத்தானே இருப்பாள், இன்னொரு தாளில் போட்டுக் கொடுக்கட்டுமே என்றுதான் கேட்டாள். அவரைப் போட்டோ பிடித்ததில்லை. ஏரிக்கரையில் போட்டோ பிடிக்கிறவனைக் காட்டி ஒருதரம் கூப்பிட்டபோது, 'எனக்கெதுக்குடி, நான் என்ன கலெக்டரா' என்று சிரித்துவிட்டாராம். அவர் போகும்போது மகள் கைக்குழந்தை. "வருசம் திரும்பப் போகுது. ஒரு படம் வச்சு மாலை போடணும். பிள்ளை வளந்து எங்கப்பன் எங்கேன்னா என்னத்தக் காட்ட?"

நான் முகத்தைப் பார்க்கவில்லை என்று சொல்ல விசாலாட்சிக்கு வாய் வரவில்லை. எப்படிச் சொல்வது? அத்தனை மழைநாளும் அத்தனை வெயில்நாளும் என் ஜன்னலை ஒட்டித்தான் போனார், அப்போதெல்லாம் நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றா? "அடுத்த சந்தைக்கு வா" என்று சொல்லி அனுப்பினாள்.

அந்த வாரம் குருநாதனுக்கு ரசத்தில் உப்பு இல்லை, காப்பியில் சர்க்கரை இல்லை. வெள்ளனே எழுந்து உட்கார்ந்துகொண்டு வரைந்தாள். முகம் எங்கே தொடங்குகிறது என்றே மறந்துபோயிருந்தது. முகத்துக்குக் குதிகால் எது? நெற்றியா, தாடையா? அழித்து அழித்து ரொட்டி கறுத்துப்போனது. விட்டுவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போவாள், பயந்துபோய்த் திரும்பி வருவாள். ஜன்னலில் வருகிற முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றால், இத்தனை வருஷத்துப் பழக்கம், ஆள் நெருங்கும்போது கண் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. தன் கண்ணின் மீதே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஒருவழியாக ஒரு முகம் வந்தது. அகன்ற நெற்றி, கூர்மையான மூக்கு, சிரிக்கலாமா வேண்டாமா என்கிற உதடு. நன்றாகவே வந்திருந்தது. சந்தை நாளில் பொன்னுத்தாய் கையில் கொடுத்தாள்.

பொன்னுத்தாய் அதைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் இரண்டு கையையும் கூப்பிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கும்பிட்ட பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே உறைத்தது. தாளைத் திருப்பி நீட்டினாள்.

"ரொம்ப லச்சணமா இருக்கும்மா. ஆனா இது எங்க வீட்டுக்காரரு இல்ல. பழனி ஆண்டவரு."

விசாலாட்சி வாங்கிப் பார்த்தாள். ஆமாம், சந்தேகமே இல்லை, ராஜ அலங்காரத்தில் நிற்கிற முருகன்தான். கிரீடம் ஒன்றுதான் பாக்கி. பூக்கூடையோடு அப்பா பின்னால் சந்நிதிக்குள் போய், சின்ன வயதிலிருந்து யாருக்கும் பயப்படாமல் அவள் கண்ணுக்குக் கண் பார்த்த ஒரே ஆண் முகம் அதுதான். அதை மட்டும்தான் யாரும் பார்க்காதே என்று சொல்லவில்லை. மூட்டை தூக்கிச் செத்த ஒரு மனுஷனுக்கு முகம் தேடப் போய், கைக்கு மிஞ்சியிருந்த ஒரே முகத்தை எடுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறது பென்சில். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் ஜெயித்தது.

"நான் அவர் முகத்தைப் பாத்ததே இல்லை பொன்னுத்தாய்" என்று சொல்லிவிட்டாள். "முதுகு மட்டுந்தான் பாத்தேன். எங்க வீட்டுல அப்படி ஒரு ஏற்பாடு."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். பொன்னுத்தாய் திட்டவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அதனால என்னம்மா, நான் சொல்றேன், நீங்க போடுங்க" என்றாள். இருவரும் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தார்கள்.

"நெத்தி எப்படி? அகலமா, குறுகலா?"

"நெத்தி... எல்லாருக்கும் இருக்கிற மாதிரிதான்."

"மூக்கு?"

"மூக்கு நல்லா இருக்கும்." யோசித்தாள். "நீட்டம்னு சொல்ல முடியாது."

"கண்ணு பெரிசா?"

விசாலாட்சி நிமிர்ந்து பார்த்தபோது பொன்னுத்தாயின் முகம் வெளிறியிருந்தது. சந்தையில் பணப்பையைத் தொலைத்தவள் மடியைத் தடவுவதுபோல, கையால் தன் முகத்தையே நெற்றி, மூக்கு, கன்னம் என்று தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, எனக்கு வரலையே" என்றாள். "எனக்குத் தெரியணுமே. நான்ல பொண்டாட்டி!"

"நல்லா யோசி. சாப்பிடும்போது..."

"அவரு குனிஞ்சு சாப்பிடுவாரு. நான் கதவுக்கு அந்தாண்ட நிப்பேன். மாமியா இருக்கையில புருசன் மூஞ்சிய நிமிந்து பாத்தா கொமட்டுலயே குத்தும். விடியறதுக்கு முந்தி சோலிக்குப் போனா இருட்டிதான் வருவாரு. வீட்டுக்குள்ள ஒரே பொக. சந்தைக்கு வந்தா அவரு முன்னால, நான் பின்னால. வெரசா வாடீம்பாரு, திரும்ப மாட்டாரு." அவள் கையை முகத்திலிருந்து எடுத்தாள். "முதுகுதாம்மா எனக்கும். இப்ப நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், முதுகாவே வருது. நீங்க பாக்கலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நானும்தாம்மா பாக்கல."

தாலி கட்டினவன் முகத்தைத் தொலைத்துவிட்டேனே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். புருஷன் செத்ததற்கு ஊரோடு அழுதிருப்பாள். இது வேறு அழுகை, இதற்கு ஒப்பாரி கிடையாது. விசாலாட்சி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். பீன்ஸ் கூடை கேட்பாரில்லாமல் கிடந்தது.

போகும்போது பொன்னுத்தாய், இடுப்பில் கை ஊன்றி நிற்கிற அந்த முதுகையே கேட்டு வாங்கிக்கொண்டாள். நனையாமல் இருக்க வாழையிலை வைத்துச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தாள் விசாலாட்சி.

"இதுக்கே மாலை போட்டுக்கிறேன். பிள்ளைகிட்ட, ஒங்கப்பன் இப்படித்தான் முன்னால போவாருன்னு காட்டிக்கிறேன். பொய் சொல்ல வேண்டியதில்ல பாருங்க." வாசல் தாண்டியவள் நின்று, விசாலாட்சியை நேராகப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரரு இருக்காருல்ல? பாத்து வச்சுக்கங்கம்மா."

அன்று சாயங்காலம் குருநாதன் குடையை மடக்கிக்கொண்டு வந்தபோது வீட்டில் காப்பி வாசனை இல்லை. நாற்காலி ஜன்னலோரத்தில் கிடந்தது. பெண்டாட்டி எதிரே பலகையில் தாளோடு உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. நடந்தது முழுவதையும் நின்றுகொண்டே கேட்டார் அவர். முதுகை வரை என்று சொன்னது யார் என்று அவள் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லாமலே அது அவரைக் குத்தியது. சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"இங்க உக்காருங்க. என்னைப் பாத்து."

"ஜன்னல் தெறந்து கெடக்கு விசாலம். போறவன் பாப்பான்."

"பாக்கட்டும்."

"நான் என்ன செத்தா போயிட்டேன், படம் போட்டு வைக்க?" என்று சிரிக்கப் பார்த்தார்.

"அதுக்கு முந்திப் போடணும்னுதாங்க" என்றாள்.

அதற்கு மேல் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வந்து உட்கார்ந்தார். முதலில் பக்கவாட்டில் திரும்பினார், பிறகு சுவரைப் பார்த்தார், பிறகு மேலே ஓட்டைப் பார்த்தார். "என்னைப் பாருங்க" என்று அவள் மறுபடி சொன்ன பிறகு பார்த்தார்.

இடது புருவத்தின் நடுவே ஒரு பழைய தழும்பு இருந்தது. அது அவளுக்குத் தெரியாது. ஒரு கண் மற்றதைவிடக் கொஞ்சம் சிறிசு. அதுவும் தெரியாது. யாரோ எப்போதோ கூப்பிட்டுக் கண்டிக்கப் போகிறார்கள் என்று காத்திருந்து காத்திருந்து களைத்துப்போன முகம் அது. இந்த முகத்துக்கா இத்தனை வருஷம் பயந்தேன் என்று நினைத்தபோது அவளுக்குக் கோபமும் பரிதாபமும் ஒன்றாகப் பொங்கின. பென்சில் தாளில் படவே இல்லை. பாதையில் யாரோ மூட்டையோடு ஏறிப் போகிற மூச்சுச் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. குருநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கை வந்தது, ஆடக் கூடாதோ என்று அப்படியே மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கேன்?" என்று கேட்டார்.

"இருங்க, இப்பத்தானே பாக்குறேன்" என்றாள் விசாலாட்சி.